பின்னல் வகுப்பில் பிரிப்பதற்கும் நேரம் கொடுங்கள்

பள்ளி முடிந்த பிறகு மாலை வகுப்புகள் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு இடமும் நேரமும் ஒதுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஊசிப் பின்னல் சொல்லிக்கொடுப்பவள் நான். நிட்டிங் என்றால் எல்லோருக்கும் உடனே புரியும். சதுரங்கம், ஓவியம், நடனம் என்று நீங்கள் போடும் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. நன்றியோடு முடிந்துவிடும் என்றால் இந்த மடலே தேவையில்லை. எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னல் வகுப்புக்குப் பருவ முடிவில் கண்காட்சி வைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு முடித்த பொருள் என்று கணக்குக் கேட்காதீர்கள்.

கண்காட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, பெயர் எழுதிய அட்டைகள், ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்தில் ஒரு மஃப்ளரோ குல்லாவோ. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்னத் தெரிந்தவர் யாராவது ஒரு மஃப்ளரைக் கையில் எடுத்து ஓரத்தை மட்டும் விரலால் தடவிப் பார்க்கட்டும். எட்டு வயதுப் பிள்ளையின் பின்னலில் ஒரு வரிசை இறுகியிருக்கும், அடுத்தது தொளதொளவென்று இருக்கும். ஓரம் உள்ளே வெளியே போய் வரும். இப்படியே கொஞ்ச தூரம் போய், ஓரிடத்தில் திடீரென்று ஓரம் நேராகிவிடும். கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், எல்லாம் ஒரே அளவாகிவிடும். அந்த இடத்தில் கை மாறியிருக்கிறது. அம்மாவோ அத்தையோ பாட்டியோ, சில சமயம் ஆசிரியரே, கண்காட்சிக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து முடித்துக்கொடுத்தது அது.

ஒரு கண்காட்சியில் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் ஒரு குல்லாவைக் கையில் எடுத்து, பக்கத்தில் நின்ற பையனிடம், "நீயா பின்னினாய்? பிரமாதம்!" என்றார். அவன் குல்லாவின் கீழ்ப் பட்டையைத் தொட்டுக்காட்டி, "இது மட்டும் நான். மேலே எல்லாம் அத்தை" என்றான். பெரியவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பையன் உண்மையைச் சொன்னான். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் அந்தக் கண்காட்சியில் ஆள் இல்லை.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். தேதி குறித்தாயிற்று, பிள்ளையின் பொருள் பாதியில் நிற்கிறது, மற்றவர்கள் மேசையில் எல்லாம் முழுதாக இருக்கப்போகிறது என்றால் எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். தேதி குறித்தவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பின்னல் கற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதை வகுப்புக்குள் வந்து பார்க்காதவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கடினம். முயன்று பார்க்கிறேன்.

அடிப்படை அசைவு ஒன்றே ஒன்றுதான். குத்து, சுற்று, இழு, இறக்கு. இடது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் வலது ஊசியைக் குத்த வேண்டும். பின்னால் இருக்கும் நூலை அதன் முனையில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றிய நூலைக் கண்ணி வழியாக இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். முதல் சில நாட்கள் அறை முழுக்க இந்த நான்கு சொற்கள்தான் கேட்கும். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள். பெரும்பாலும் மூன்றாவது சொல்லில்தான் மாட்டிக்கொள்வார்கள். இழுக்கும்போது சுற்றிய நூல் ஊசி முனையிலிருந்து நழுவிவிடும். வலது ஆள்காட்டி விரலால் அந்த நூலை ஊசியோடு சேர்த்து அழுத்திக்கொண்டால் நழுவாது. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. விரல் தானாகக் கண்டுபிடிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படி இழுக்கப்பட்ட ஒவ்வொரு கண்ணியும் கீழே இருக்கும் கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நெய்த துணியில் பாவு, ஊடை என்று இரண்டு கூட்டம் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் ஒரே நூல்தான் வளைந்து வளைந்து முழுத் துணியாகிறது. டி-ஷர்ட்டும் சாக்ஸும் இழுத்தால் நீள்வது இதனால்தான். அவையும் இயந்திரம் பின்னிய பின்னல்தான். கம்பளி தேவைப்படாத இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களிடம், போட்டிருக்கும் டி-ஷர்ட்டை ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை வரிசையாகக் கண்ணிகள் தெரியும்.

ஒரே நூல் என்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் பின்னியது முழுக்கப் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். எதுவும் வீணாகாது. வெட்டிய துணியை ஒட்ட முடியாது, அறுத்த மரத்தைச் சேர்க்க முடியாது, தாளில் கொட்டிய வண்ணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் கைவேலைகளில் இப்படித் தொடங்கிய இடத்துக்கே முழுதாகத் திரும்பிப் போக முடிகிறது என்பது அபூர்வம். என்னைக் கேட்டால் பள்ளியில் பின்னல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். கண்காட்சி முதலில் கை வைப்பதும் இதில்தான்.

எப்படி என்று சொல்கிறேன். புதிதாகப் பின்னும் பிள்ளை 20 கண்ணியோடு தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வரிசை போனதும் மஃப்ளர் விரிந்துகொண்டே போகிறது. எண்ணிப் பார்த்தால் 26 கண்ணி. "நான் ஒன்றும் செய்யவில்லையே, அதுவாக வருது" என்பாள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிட்டால், முதல் கண்ணி முறுக்கிக்கொண்டு அதன் இரண்டு கால்களும் ஊசியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டு கண்ணி. பிள்ளை இரண்டையும் பின்னிவிடுவாள். இப்படி ஆகும் வரிசைக்கெல்லாம் ஒன்று கூடும். ஒவ்வொரு வரிசையும் தொடங்குவதற்கு முன் நூலைக் கீழ்ப்பக்கம் ஒருமுறை இழுத்துவிட்டுப் பார்த்தால் போதும், ஓரத்தில் ஒரே ஒரு கண்ணிதான் இருப்பது தெரியும்.

நடுவில் ஓர் ஓட்டை விழுந்தால் கதை வேறு. அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். நூல் முன்பக்கம் வந்திருப்பதைக் கவனிக்காமல் அப்படியே குத்திப் பின்னினால் ஊசிமேல் ஒரு சுற்று வீணாக விழுந்து, அடுத்த வரிசையில் அது ஒரு கண்ணியாகிவிடும்; கீழே ஓட்டை. அல்லது ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி விழுந்து, ஒவ்வொரு வரிசையாக அவிழ்ந்து இறங்கியிருக்கும், அதுவும் ஓட்டைதான். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், வைத்தியம் நேர்மாறு. எண்ணினால் தெரிந்துவிடும். 21 வந்தால் முதலாவது, 19 வந்தால் இரண்டாவது. இரண்டு தவறும் ஒரே துண்டில் நடந்து 20 சரியாக வந்து நிற்பதும் உண்டு. அந்த மாதிரி நாளில் வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.

இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நான்கு சொல் அசைவை எந்தப் பிள்ளையும் கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்ளும். தன் கையிலுள்ள துணியைப் பார்த்து, எங்கே தப்பு, எப்போது நடந்தது, எவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டும் என்று தானே முடிவு செய்வதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. இரண்டு கண்ணிக்கு முந்தைய தப்பு என்றால் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிக் கழற்றலாம். நழுவிய கண்ணி என்றால் குரோஷா ஊசியால் கொக்கி போட்டுப் படிப்படியாக மேலே ஏற்றலாம். ஐந்து வரிசைக்குக் கீழே என்றால் ஊசியை உருவிவிட்டுப் பிரிக்க வேண்டியதுதான். அல்லது அப்படியே விட்டுவிடலாம், உலகம் முழுகாது. விடுவதா பிரிப்பதா என்பதை நான் சொல்ல மாட்டேன். பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் தடவை பிரிக்கும்போது சில பிள்ளைகள் அழுவார்கள். அதுவும் நடக்கும். பிறகு ஒரு கட்டத்தில் சேர்ந்து பிரிப்பதே விளையாட்டாகிவிடும்; ஒருவர் நூலை இழுக்க, இன்னொருவர் உருண்டையாகச் சுற்ற, அந்தச் சுருண்ட நூலை மூக்குக்குக் கீழே வைத்து மீசை என்று காட்டுவார்கள். இந்த நிலைக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பற்றி எனக்கு அப்புறம் கவலை கிடையாது.

இப்போது கண்காட்சித் தேதியை இதற்குள் கொண்டுவாருங்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, 26 கண்ணியாக விரிந்த மஃப்ளர் பாதியில் நிற்கிறது. பிரிக்கலாமா என்று பிள்ளை கேட்கிறாள். எந்த ஆசிரியை பிரி என்று சொல்வாள்? "பரவாயில்லை, நான் சரி பண்ணித் தருகிறேன்" என்று வாங்கி, இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துப் பின்னி 20க்குக் கொண்டுவந்து, ஓட்டையை உள்பக்கமாகத் தைத்து மூடிக் கொடுப்பாள். பொருள் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. தப்பு என்பது பெரியவர்கள் வாங்கி மறைக்க வேண்டிய ஒன்று என்று மட்டும் புரிந்துகொள்வாள்.

அப்படியென்றால் வகுப்பு நன்றாக நடந்ததா என்று நாங்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலும் சுலபம்: ஒரு மாலை வகுப்புக்கு வாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அவள் கையிலுள்ள துண்டில் ஓர் ஓட்டையைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் சொன்னாள் என்றால் அவளுக்குப் பின்னல் தெரியும். பொருள் முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் அவள் ஊசியிலிருந்து ஒரு கண்ணியை வேண்டுமென்றே தள்ளிவிட்டுப் பாருங்கள். என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சதுரங்கள் போடலாம். 20 கண்ணி போட்டு எல்லா வரிசையையும் நேர்ப்பின்னலாகவே, அதாவது அந்த நான்கு சொல் அசைவிலேயே பின்னினால், இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். 20 மேடு வந்ததும் துண்டு ஏறக்குறைய சதுரமாக இருக்கும். ஸ்கேல் தேவையில்லை, விரலால் தடவி எண்ணினாலே போதும். முடிக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் ஆகலாம், இன்னொரு பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகலாம். தயாரான சதுரங்களை மட்டும் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. யாருடைய பெயரும் ஒட்ட வேண்டாம். பத்து சதுரம் வந்தால் பத்து, முப்பது வந்தால் முப்பது.

இதில் கணக்கும் தானாக வந்து சேர்கிறது. ஒரே நூல், ஒரே ஊசி, அதே 20 கண்ணி. ஆனால் ஒரு பிள்ளையின் சதுரம் 9 சென்டிமீட்டர், பக்கத்துப் பிள்ளையுடையது 13. இறுக்கிப் பின்னுகிறவனும் தளர்த்திப் பின்னுகிறவளும் அருகருகே வைத்துப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இரண்டையும் தைக்க முடியாதே, என்ன செய்யலாம்? உன் 9 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்றால் 13 சென்டிமீட்டருக்கு எத்தனை போட வேண்டும்? வகுப்பறையில் விகிதம் என்றாலே முகம் சுளிக்கிற பையன் இங்கே விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வரிசை பின்ன அந்த வரிசையின் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நூல் போகும் என்பதையும் அவர்களே அளந்து கண்டுபிடிக்கலாம். மிச்சமிருக்கும் நூலில் இன்னொரு வரிசை வருமா என்ற பதற்றம் வந்துவிட்டால் யாரும் சொல்லாமலே அளப்பார்கள்.

அடுத்தது, சேர்க்கைப் படிவம். பையன்கள் பின்னலைத் தேர்ந்தெடுத்தால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போகிறது: "தெரியாமல் எழுதிவிட்டானா? மாற்றிவிடலாமா?" தயவுசெய்து இந்த வழக்கத்தை நிறுத்துங்கள். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் டாக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டு தங்கள் குல்லாவைத் தாங்களே பின்னுகிறார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கைவேலைக்கும் கலைக்கும் முக்கிய இடம் கொடுக்கும் வால்டார்ஃப் பள்ளிகளில் முதலாவது 1919இல் தொடங்கியபோதே கைவேலை வகுப்பில் பையன்களும் பெண்களும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். இன்றும் அந்தப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பின்னுகிறார்கள். மரக்குச்சியைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஊசியையும் தாங்களே செய்துகொள்வதுண்டு. ஃபின்லாந்தில் 1866 முதலே கைவேலை கட்டாயப் பாடம். அங்கே நெடுங்காலம் பெண்களுக்குத் துணி, பையன்களுக்கு மரம் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பிரிவினை பாடத்திட்டத்தில் இல்லை, எல்லோருக்கும் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல் உருவான ஜூனியர் செஞ்சிலுவை அமைப்பின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் படைவீரர்களுக்காகப் பின்னினார்கள். வகுப்பறைகளில் பையன்களும் ஊசி பிடித்தார்கள். சதுரங்களாகப் பின்னிச் சேர்த்துப் போர்வையாக்கும் யோசனை அன்றைக்கே இருந்ததுதான், என்னுடையது அல்ல.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். இதில் நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் இடங்கள் எல்லாமே தப்பான இடங்கள்.

நல்ல மனசுக்காரர்கள் வீட்டில் மிஞ்சிய நூலை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு அனுப்புவார்கள். நீங்களும் "நூல் வந்துவிட்டது, வாங்க வேண்டாம்" என்று எழுதிவிடுவீர்கள். சாக்கைத் திறந்தால் கறுப்பு நூல், கண்ணி எங்கே என்றே தெரியாது. ரோமம் ரோமமாக நிற்கும் நூல், பிரிக்கவே முடியாது. தையல் நூல் கணக்கில் மெல்லியது. நீளம் நீளமாகக் கலர் மாறுவது, அதில் பிள்ளை கலரைத்தான் பார்க்குமே தவிரக் கண்ணியைப் பார்க்காது. அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். அந்த நூல் குஞ்சம் கட்டவும் பொம்மைக்கு முடி வைக்கவும் ஆகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டியது வழுவழுப்பு அதிகமில்லாத, ஒரே வெளிர் நிறமான, நடுத்தரத் தடிமனுள்ள நூல். 100 கிராம் உருண்டையில் சுமார் 200 மீட்டர் வரும் ரகம். ஒரு பிள்ளைக்கு ஓர் உருண்டை ஒரு பருவம் முழுக்கத் தாராளமாக வரும், ஏனென்றால் பிரித்துப் பிரித்துத்தான் பின்னப்போகிறார்கள். கம்பளி நன்றாக இழுபடும், கைக்கு ஒத்துழைக்கும். சிலருக்கு அது உடம்பில் அரிக்கும், அவர்களுக்கு அக்ரிலிக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்ன விடாதீர்கள், சூட்டில் உருகும்.

ஊசி மரத்திலோ மூங்கிலிலோ இருக்கட்டும். அலுமினிய ஊசியில் கண்ணிகள் வழுக்கி இறங்கிவிடும். கீழே விழுந்தால் சத்தம் வேறு, அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன், 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். பெரியவர்கள் ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி பிள்ளையின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். ஏழு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஊசியே வேண்டாம், விரல்களிலேயே கயிறு போலப் பின்னலாம். அந்த நீளக் கயிற்றை அவர்கள் அறையைச் சுற்றிக் கட்டிப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி மஃப்ளரில் இல்லை. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டாம். இந்த வேலையில் இரண்டு கையும் சமமாக உழைக்கின்றன. முதல் வாரம் வலது கைக்காரர்களும் அதே அளவுக்குத்தான் தடுமாறுகிறார்கள்.

ஊசி ஆபத்தில்லையா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். முனை மழுங்கிய ஊசி, கையில் ஊசியோடு எழுந்து நடக்கக்கூடாது என்ற ஒரே விதி, போகும்போது முனைகளை நூல் உருண்டைக்குள் செருகிவிடுவது. கத்தரிக்கோல் மட்டும் என் மேசையில் இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் எண்ணிக்கை. கைவேலைதானே, அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், முப்பது பேரை அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். புதிதாகத் தொடங்கும் முப்பது பேர் என்றால் முப்பது சிக்கல்கள் ஒரே நிமிடத்தில் வரும். ஒவ்வொன்றையும் பார்க்கக் குனிய வேண்டும், நூல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பெரியவரால் ஒழுங்காகக் கவனிக்க முடிவது ஐந்து ஆறு பேரைத்தான். மிச்சம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அப்புறம் ஊசியை வைத்து வாள் சண்டை தொடங்கும். அது அவர்கள் தப்பு இல்லை. பத்துப் பேருக்கு மேல் என்றால் இன்னோர் ஆள் கொடுங்கள். கொஞ்சம் பின்னத் தெரிந்த மேல் வகுப்பு மாணவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களைவிட அவர்கள் பொறுமையாகச் சொல்லித்தருவதைப் பார்க்கிறேன், தாங்கள் எங்கே மாட்டிக்கொண்டோம் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

உதவிக்கு வருபவர் யாராக இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளையின் ஊசியைக் கையில் வாங்கக்கூடாது. தன் ஊசியில் வேறு நிற நூலில் செய்து காட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். பிள்ளையின் துண்டை விரலால் சுட்டிக்காட்டலாம். வாங்கிப் பின்னிக் கொடுக்கக்கூடாது. நன்றாகப் பின்னத் தெரிந்தவர்களுக்கு இது பெரும் சித்திரவதை, கை துறுதுறுவென்று வரும். இரண்டு இடங்களில் மட்டும் விலக்கு. முதலாவது, தொடக்கம்: வெறும் ஊசியில் முதல் கண்ணிகளைப் போடுவதும் அதன் மேல் முதல் வரிசை பின்னுவதும்தான் இருப்பதிலேயே கடினம். அதை நாங்களே போட்டு, இரண்டு மூன்று வரிசை பின்னியும் கொடுத்துவிடுவோம். கண்ணி போடுவதை அவர்கள் இரண்டாவது துண்டுக்குக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, பிரித்த பிறகு அநாதையாக நிற்கும் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றுவது. மற்றதெல்லாம் அவர்கள் வேலை. கண்காட்சித் தேதி ஒன்று தலைக்கு மேல் தொங்கினால் இந்த நிபந்தனை முதல் வாரத்திலேயே காற்றில் பறந்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கொடுப்பதற்குப் பதில், இரண்டு நாள் முக்கால் மணி நேரம் கொடுங்கள். ஏழு நாள் இடைவெளியில் விரல்கள் மறந்துவிடுகின்றன. முழு நாளும் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். முதல் பத்து நிமிடம் ஓடிவிட்டு, கை கழுவிவிட்டு வரட்டும். பின்னும்போது பேசக்கூடாது என்று வாசலில் வந்து அதட்டாதீர்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும், கை பின்னிக்கொண்டிருக்கும். கை பழகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எண்ண வேண்டிய இடம் வந்தால் அவர்களே அடங்கிவிடுவார்கள். பருவத்தின் நடுவில் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றி, எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று சுற்றுக்கு விடும் திட்டத்தையும் மறுபடி யோசியுங்கள். மற்றக் கலைகளுக்கு அது சரியாக வரலாம். பின்னலில் முதல் சில வாரங்கள் வெறும் சிக்கல்தான். சிக்கலை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை, தனக்கு இது வராது என்ற முடிவோடுதான் போகும்.

கடைசியாக, ஓர் அலமாரி வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு துணிப்பை. ஊசி, உருண்டை, பாதித் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். பைகளை வீட்டுக்கு அனுப்பினால் பாதி திரும்பி வராது, வருவதில் பாதி வேறு யாராவது நாலு வரிசை ஏற்றிக் கொடுத்ததாக இருக்கும். வகுப்பறை மேசைக்குக் கீழே வைத்தால் காலையில் பெருக்குகிறவர்கள் பாவம், நூலைத் துடைப்பத்திலிருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பூட்டுப் போட்ட அலமாரியில் ஒரு தட்டு போதும். அடுத்த பருவத்துப் பட்டியலில் பின்னலைச் சேர்ப்பதானால் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். நூலும் ஊசியும் வாங்கி, ஒவ்வொரு பைக்கும் கண்ணி போட்டு, முதல் வரிசைகளைப் பின்னி வைக்க எங்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்படும். அலமாரிச் சாவி மாலை நான்கு மணிக்கு மேல் யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பின் பின்னல் ஆசிரியை